மூன்றாம் வகுப்பில் என்னென்ன வரும்? மே முதல் ஏப்ரல் வரை பெற்றோருக்கான முழு வழிகாட்டி

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்கால ட்யூஷன் எடுக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் யாராவது ஒரு அம்மா படியேறி வந்து இதையேதான் சொல்வார்: "ரெண்டாவது வரைக்கும் நல்லாத்தான் மிஸ் படிச்சான். மூணாவது போனதும் என்ன ஆச்சுன்னே தெரியல."

பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டாம் வகுப்பு வரை டீச்சர் படித்துக் காட்டுவார், பிள்ளை திருப்பிச் சொன்னால் போதும். மூன்றாம் வகுப்பில் பிள்ளையே படித்து, கேள்வியைப் புரிந்துகொண்டு, பதிலை எழுத வேண்டும். கணக்கிலேயே நிறையக் கேள்விகள் வாக்கியமாகத்தான் வரும். வாசிப்பு இடறினால் ஐந்து பாடமும் இடறும்.

அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்ற வேண்டாம். முதல் இரண்டையும் பார்க்காமல் நேராகக் கணக்குக்குப் போனால், "இவனுக்குக் கணக்கே வராது" என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள். சமச்சீர்ப் பாடத்திட்டத்தை வைத்து எழுதுகிறேன். சிபிஎஸ்இ மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

1. மே மாதம்: வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்

தேவையானவை: பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு சின்னக் கதை, ஒரு பென்சில், பதினைந்து நிமிடம்.

"பார்க்காத" என்பதுதான் முக்கியம். பள்ளிப் புத்தகத்தைக் கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். போன வருடம் ஒரு பையன் கடகடவென்று படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் விரல் இரண்டாம் வரியில் இருக்கிறது, வாய் நான்காம் வரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவன் அம்மாவுக்கு அன்றைக்கு வரை அது தெரியாது.

ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்கள். தப்பு வந்தால் குறுக்கிடாமல் ஒரு தாளில் பென்சிலால் புள்ளி மட்டும் வையுங்கள், அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். முடித்ததும் கதையைப் பற்றி ஒரு "ஏன்" கேள்வி கேளுங்கள். "யார், எங்கே" என்று கேட்டால், வரியில் இருக்கும் சொல்லை அப்படியே எடுத்துச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். "ஏன்" என்று கேட்டால்தான் புரிந்ததா என்பது தெரியும்.

எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறது என்றால் மே மாதம் முழுக்க வேறு எந்தப் பாடமும் வேண்டாம். தினமும் பத்து நிமிடம், நீங்கள் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி என்று மாறி மாறிப் படியுங்கள். முழுப் பத்தியையும் பிள்ளை தலையில் போட்டால் மூன்றாம் வரியிலேயே களைத்துவிடும். மாறி மாறிப் படிக்கும்போது உங்கள் வரியில் கதை நகரும், அடுத்தது என்ன என்ற ஆசை நிற்கும்.

சரளமாகப் படிக்கிறது, ஆனால் "ஏன்" கேட்டால் முழிக்கிறது என்றால், வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, தன் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். இந்த வகைப் பிள்ளைகள்தான் பெற்றோர் கண்ணில் படாமல் போகிறவர்கள்.

எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: மூன்றாம் வகுப்பு முடியும்போது நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு. தமிழில் "கொடுத்துவிட்டாளென்று" என்பதும் ஒரு சொல்தான். அதனால் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

அரசுப் பள்ளி என்றால் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்று டீச்சரிடம் கேளுங்கள். அரும்புதான் ஆரம்ப நிலை. அரும்பு என்றதும் அவமானம் போல முகம் சுருங்கும் பெற்றோர் உண்டு. பிள்ளை நிற்கும் படியிலிருந்து பாடம் நடத்தத்தான் அந்தப் பிரிவு. "மலருக்கு மாத்துங்க டீச்சர்" என்று சிபாரிசு பிடித்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

புத்தகத்துக்கு நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு போதும். ஒரே ஒரு விஷயம்: புத்தகத்தைப் பிள்ளை எடுக்கட்டும். பக்கத்துக்கு இரண்டு வரியும் பெரிய படமுமாக இருக்கிறதே என்று பிடுங்கி வைத்துவிட்டுத் தடித்த பொது அறிவுப் புத்தகத்தைத் திணிப்பவர்களை அங்கேயே பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வரிப் புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்த பிள்ளைதான் அடுத்ததைத் தானே எடுக்கும்.

2. பள்ளி திறப்பதற்குள்: கண்

இது என் வீட்டில் நடந்தது. பெரியவன் மூன்றாவது படிக்கும்போது கரும்பலகையில் இருக்கும் 8ஐ 3 என்று எழுதி வருவான். கவனம் இல்லை என்று டீச்சர் டைரியில் எழுதுவார், நான் வீட்டில் திட்டுவேன். இப்படியே அரையாண்டு வந்துவிட்டது. டிசம்பர் விடுமுறையில் பஸ்ஸுக்காக நின்றபோது, எதிரே வரும் பஸ்ஸின் போர்டைத் தங்கை படித்தாள், இவனுக்குத் தெரியவில்லை. கண்ணாடி போட்டதும் தப்பு நின்றது. ஆறு மாதத் திட்டை எப்படித் திரும்ப எடுப்பது?

அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையோ அரசு இராஜாஜி மருத்துவமனையின் கண் பிரிவோ, எங்கே வசதியோ அங்கே ஒரு நாள் போய் வந்துவிடுங்கள். தலைவலி என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். மங்கலாகத் தெரிவதுதான் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குச் சொல்லத் தோன்றாது. சாயங்காலம் தெருவில் விளையாட விடுவதும் கண்ணுக்கு நல்லதுதான். வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு.

அதே வாரத்தில் ஆதாரையும் பார்த்துவிடுங்கள். 5 வயதுக்குப் பிறகு கைரேகையும் கண் பதிவும் புதுப்பித்திருக்க வேண்டும். 7 வயது தாண்டியும் செய்யாமல் விட்டால் எண் செயலிழக்கக்கூடும். ஊரகப் பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளில் சில பிரிவினருக்கு மூன்றாம் வகுப்பிலிருந்துதான் ஊக்கத்தொகை தொடங்குகிறது. தலைமை ஆசிரியரிடம் ஜூனிலேயே கேட்டுவிட்டு, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் இரண்டையும் தயாராக வையுங்கள்.

3. நோட்டும் பையும்: அவசரப்படாதீர்கள்

பள்ளி லிஸ்ட் வருவதற்கு முன் நோட்டு வாங்காதீர்கள். மூன்றாவதில் நோட்டு வகை மாறும். சில பள்ளிகளில் இங்கிலீஷுக்கு நாலு கோடு தொடரும், சிலவற்றில் இரட்டைக் கோடாகும், கணக்குக்குக் கட்டம் போட்டதா கோடு போடாததா என்பதும் ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு மாதிரி. மே மாதமே டஜன் கணக்கில் வாங்கி அட்டை போட்டு வைத்தவர்கள் ஜூனில் கடைக்காரரிடம் மாற்றிக் கேட்டு நிற்பார்கள்.

பேனா இப்போது வேண்டாம், பென்சில்தான். மூன்று பருவத்துக்கும் புத்தகம் தனித்தனி, அந்தந்தப் பருவத்துப் புத்தகம் மட்டும் பையில் இருந்தால் போதும். மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குப் பை 1.7 முதல் 2.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் வைத்த ஒரு பை நாலரைக் கிலோ காட்டியது. உள்ளே போன வருடத்து டைரியும் ஒரு கூழாங்கல் குவியலும் இருந்தன.

4. ஜூன், ஜூலை: ஒரு பாடம் இரண்டாகும்

சூழ்நிலையியல் என்று இருந்தது மூன்றாவதில் அறிவியல், சமூக அறிவியல் என்று பிரியும். தமிழ், ஆங்கிலம், கணக்கோடு சேர்த்து ஐந்து. சிபிஎஸ்இயில் சுற்றுச்சூழல் பாடம் ஒன்றாகவே தொடரும். அங்கே படிக்கும் என்சிஇஆர்டி மூன்றாம் வகுப்புப் புத்தகங்கள் 2024இல் மாறிவிட்டன, அதனால் அக்கா படித்த பழைய புத்தகம் தம்பிக்கு உதவாது.

முதல் மாதம் டைம்டேபிளைப் பிள்ளையே எழுதி, பையைப் பிள்ளையே அடுக்கட்டும். இரண்டு நாள் எதையாவது விட்டுவிட்டுப் போகும். போகட்டும். ஜூனில் விட்டால் டீச்சர் சிரித்துக்கொண்டு சொல்லுவார், டிசம்பரில் அப்படிச் சொல்ல மாட்டார்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் உண்டு, நம்ம ஊரில்தான் 2022இல் தொடங்கினார்கள். வகுப்பு தொடங்கும் முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள் என்பதால், பெல் அடிக்கும் நேரத்துக்கு ஓடி வரும் பிள்ளை பசியோடுதான் முதல் பீரியடில் உட்காரும்.

5. வீட்டுப்பாடம்: நீங்கள் எழுதாதீர்கள்

முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. அதனால் மூன்றாவதில்தான் பல பிள்ளைகளுக்கு முதன்முதலாக வீட்டுப்பாடம். பழக்கமே இல்லாத ஒன்றைச் செய்யச் சொல்கிறோம் என்பதை மறந்துவிட்டுத்தான் கத்துகிறோம். நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது: பைக் கொள்கைப்படி மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்தான். தினமும் இரண்டு மணி நேரம் ஆகிறதென்றால், பள்ளி அதிகம் கொடுக்கிறதா, பிள்ளைக்கு வாசிப்பு தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் பெரும்பாலும்.

வரிசை இப்படி: வந்ததும் சாப்பாடு, அப்புறம் விளையாட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுப்பாடம். "எழுதிட்டுப் போய் விளையாடு" என்றால் கிறுக்கிவிட்டு ஓடும். இருட்டிய பிறகு ஓட இடம் இல்லை, கை நிதானமாகும்.

முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளை வாயால் சொல்லட்டும். பாதித் தகராறு, கேள்வியைப் படிக்காமலே "தெரியாது" என்பதில்தான். தப்பாக எழுதினால் அழித்து நீங்கள் சரியாக எழுதிக் கொடுக்காதீர்கள். தப்பைப் பார்த்துத்தான் டீச்சருக்கு எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று தெரியும். வீட்டில் எல்லாம் சரி, பள்ளியில் எல்லாம் தப்பு என்று வரும் நோட்டைப் பார்த்தாலே எனக்கு அம்மாவின் கையெழுத்து தெரிந்துவிடும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி ஒன்பது மணிக்கு "எங்க பாப்பா முடிச்சாச்சு" என்று படம் வரும். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

6. கணக்கு: கடன் வாங்காதீர்கள், சில்லறை மாற்றுங்கள்

மூன்றாவது கணக்கில் இடறும் இடம் மூன்று: மூன்று இலக்கக் கழித்தல், வாக்கியக் கணக்கு, வாய்ப்பாடு. இதே வரிசையில் பாருங்கள்.

403லிருந்து 168ஐக் கழிக்கச் சொல்லுங்கள். நடுவில் பூஜ்யம் இருப்பதால் பாதிப் பேர் இங்கே நிற்பார்கள். சிலர் 3லிருந்து 8 போகாது என்று 8லிருந்து 3ஐக் கழித்து 5 போடுவார்கள். இந்தக் கணக்கில் அந்த 5 தற்செயலாகச் சரியாக வேறு வந்துவிடும், ஏமாந்துவிடாதீர்கள். பத்துகள் இடத்திலும் அதையே செய்து 6 போடுவார்கள், நூறில் 3. விடை 365.

"பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று ஒரு பிள்ளை கேட்டது, நியாயமான கேள்வி. அதைவிடச் சில்லறை சுலபம். நான்கு நூறு ரூபாய்த் தாள், மூன்று ஒரு ரூபாய்க் காசு, இவ்வளவுதான் பிள்ளை கையில். நீங்கள் கடைக்காரர், 168 கேட்கிறீர்கள். எட்டு ரூபாய்க்குக் காசு பத்தவில்லை, பத்து ரூபாய்த் தாளும் இல்லை. ஒரு நூறை மாற்றினால் பத்து ரூபாய்த் தாள் பத்து கிடைக்கும். அதில் ஒன்றை மாற்றினால் பத்துக் காசு. இப்போது கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று காசு. 13லிருந்து 8 போனால் 5, 9லிருந்து 6 போனால் 3, 3லிருந்து 1 போனால் 2. 235. நான்கு தடவை கையால் மாற்றிய பிறகுதான் நோட்டில் எழுத விடுங்கள். காகிதத்தில் வெட்டிய தாளே போதும்.

வாக்கியக் கணக்கில் பிள்ளைகள் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார்கள்: "மொத்தம்", "அதிகம்" என்று வந்தால் கூட்டு, "மீதி" என்று வந்தால் கழி. இதைக் கேட்டுப் பாருங்கள்: கண்ணனிடம் 12 கோலிக்குண்டு இருக்கிறது. அது மாலாவிடம் இருப்பதைவிட 4 அதிகம். மாலாவிடம் எத்தனை? பெரும்பாலும் 16 என்று வரும். "யாரிடம் அதிகம்?" என்று மட்டும் கேளுங்கள், விடையைத் தொடாதீர்கள். யோசித்து 8க்கு வந்துவிடும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். "ஹவ் மெனி ஆர் லெஃப்ட்" என்ற கேள்வியைப் பார்த்து, "இடது பக்கம் எத்தனை இருக்குன்னு கேக்குறாங்களா மிஸ்?" என்றாள் ஒருத்தி. கணக்குத் தெரியும் அவளுக்கு. அப்படி இருந்தால் கேள்வியை ஒருமுறை தமிழில் சொல்ல வையுங்கள்.

வாய்ப்பாட்டை 2, 5, 10 என்று தொடங்குங்கள், அதில் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். 2 வந்தால் அதை இரட்டிப்பாக்கி 4. பிறகு 3. அதற்கு மேல் எதுவரை என்பதை உங்கள் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையாகப் பாடினால் போதாது, இடையில் கேட்டால் வர வேண்டும்.

பின்னத்துக்குத் தனிப் பாடம் வேண்டாம். உழவர் சந்தைக்குக் கூட்டிப் போங்கள், விலைப் பலகையைப் பிள்ளை படிக்கட்டும். கிலோ 40 என்றால் கால் கிலோ எவ்வளவு, முக்கால் கிலோ எவ்வளவு? கால், அரை, முக்கால் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. ஒன்பதே கால், ஒன்பதே முக்கால் என்று மணி பார்ப்பதும் இதிலேயே வந்துவிடும்.

7. தமிழ் எழுத்து: முதலில் நம் நாக்கு

"வாளைப்பளம்", "மளை பெய்தது" என்று எழுதிவந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். காதில் விழுந்ததை எழுதுகிறது. மதுரையில் நாம் மளை என்றுதான் சொல்கிறோம். நூறு தடவை இம்போசிஷன் எழுதவைத்தாலும் காது மாறாது. ஒரு நாளைக்கு ஆறு சொல் போதும்: வலி, வழி; அரை, அறை; மனம், மணம். நீங்கள் சரியாக உச்சரித்துச் சொல்ல, பிள்ளை எழுத வேண்டும். உங்களுக்கு ழ வரவில்லை என்றால் சேர்ந்து பழகுங்கள், அதைவிடப் பெரிய சந்தோஷம் பிள்ளைக்கு இல்லை.

8. சமூக அறிவியல்: திசையைத் தெருவில் சொல்லிக்கொடுங்கள்

வரைபடம் வந்ததும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குழப்பம் வரும். படத்தில் மேலே இருப்பது வடக்கு. ஆனால் மேல மாசி வீதி இருப்பதோ கோயிலுக்கு மேற்கே. "மேல" என்றால் மேற்கு, "கீழ" என்றால் கிழக்கு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேற்கே மலை, மேடு. கிழக்கே கடல், பள்ளம். வைகையும் அப்படித்தான் இறங்கி ஓடுகிறது என்று சொன்னால் பிடித்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலை நடுவில் வைத்துச் சித்திரை வீதியைச் சுற்றி வாருங்கள். கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று ஒவ்வொரு தெருப் பலகையையும் பிள்ளை படிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நான்கு கட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்து சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று பெயர் எழுதச் சொல்லுங்கள். ரயில் நிலையம் எந்தப் பக்கம், வைகை எந்தப் பக்கம் என்று குறிக்கச் சொல்லுங்கள்.

9. பருவத் தேர்வு: மார்க்கை விட வினாத்தாள் முக்கியம்

பருவம் ஒவ்வொன்றுக்கும் வளரறி மதிப்பீடு 40 மார்க், பருவ முடிவில் எழுதும் தொகுத்தறி மதிப்பீடு 60 மார்க். அந்த நாற்பது வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கு, எனவே "டெஸ்ட் இல்லைதானே" என்று சாதாரண நாளில் லீவு போட்டு விசேஷத்துக்குக் கூட்டிப் போவதில் இழப்பு உண்டு.

முதல் பருவத் தேர்வில் மார்க் குறைவது சகஜம். விடைத்தாள் வந்ததும் தப்பான கேள்விகளைத் திரும்பக் கொடுங்கள், இந்தத் தடவை நீங்கள் கேள்வியை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் வாசித்ததும் சரியாகச் சொன்னால், பாடம் தெரிகிறது, வாசிப்புத்தான் தடை. ஒன்றாம் படிக்குத் திரும்புங்கள். வாசித்துக் காட்டியும் தெரியவில்லை என்றால்தான் பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் அக்டோபரில் ட்யூஷன் சேர்ப்பதால் எனக்குத்தான் லாபம்.

10. திங்கட்கிழமை வயிற்றுவலி

எட்டு வயதில் நண்பர் கூட்டம் உருவாகும், சண்டையும் வரும், வீட்டுப்பாடத்தை மறைக்கும் சின்னப் பொய்யும் வரும். காலையில் வயிற்றுவலி என்றால் எந்தெந்த நாளில் என்று காலண்டரில் குறியுங்கள். குறிப்பிட்ட கிழமையில் மட்டும் வந்தால் அன்றைய டைம்டேபிளைப் பாருங்கள். தினமும் என்றால் பள்ளியில் கழிப்பறைக்குப் போகிறதா என்று கேளுங்கள். பல பிள்ளைகள் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீரும் குடிக்காமல் வருகிறார்கள். சாயங்காலம் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

டீச்சரைப் பார்க்கப் போகும்போது "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "சத்தமாகப் படிக்கச் சொன்னால் படிக்கிறானா?", "யார் பக்கத்தில் உட்காருகிறான்?" என்று கேளுங்கள். பேச்சு நீளும்.

11. ஜனவரி முதல் ஏப்ரல் வரை

மூன்றாம் பருவம் சீக்கிரம் ஓடிவிடும். பொங்கல் விடுமுறை, ஆண்டு விழா ஒத்திகை என்று நாட்கள் குறையும். இந்தச் சமயத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். மே மாதம் கேட்ட மாதிரியே ஒரு புதுக் கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எத்தனை புள்ளி விழுகிறது என்று அப்போதைய தாளோடு வைத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை இங்கே ஃபெயில் கிடையாது, அதனால் நான்காம் வகுப்புக்குப் போவதில் சந்தேகம் வேண்டாம். எந்த நிலையில் போகிறது என்பது அந்தத் தாளில் இருக்கும்.

பரீட்சை முடிந்த அன்றே பழைய பேப்பர்காரருக்கு எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். கணக்கு நோட்டையும் மூன்று பருவக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். நான்காவதில் வகுத்தல் வரும்போது, ஜூலை மாதம் ஒரு நாள் அதைத் தேடுவீர்கள்.